கிடங்குப் பக்கம் திரும்பிய குளிர்பெட்டி

மாப்பிள்ளை கோவர்த்தனன் பாதிச் சோற்றை இலையில் ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டான். மாமியார் ரத்னம்மா பனையோலை விசிறியோடு அப்படியே நின்றாள். காலையிலிருந்து அடுப்படியில் வெந்து சமைத்தவள் அவள். வியர்த்ததென்னவோ உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு. மாமனார் வரதராஜன் பதறிப்போய், ரசம்கூட ஊற்றிக்கொள்ளவில்லையே என்றார். அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த வேக்காட்டில் மனுஷன் சாப்பிட முடியுமா என்று கேட்டான்.

அவன் கேட்டதிலும் உண்மை இல்லாமல் இல்லை. சித்தூர் மார்க்கெட்டை ஒட்டிய அந்தத் தெருவில் வரதராஜனின் மாங்காய் மண்டியும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. முன்னால் ஏலம் போடும் இடம், அதன் பின்னால் காய் பழுக்க வைக்கும் கிடங்கு, கிடங்குச் சுவரை ஒட்டியபடி வீடு. சித்திரை வந்துவிட்டால் வைக்கோல் தூசியும் பழ வாசனையும் வீட்டுக்குள்தான் குடியிருக்கும். மகள் தாட்சாயணி அந்த வீட்டில்தான் பிறந்து வளர்ந்தாள். அவளுக்கு ஒருநாளும் மூச்சு முட்டியதில்லை. திருப்பதியில் ஜூனியர் வக்கீலாக இருக்கும் அவள் புருஷனுக்குத்தான் முட்டியது.

தாட்சாயணிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அதைக் கேட்கத்தான் விருந்தே. கோவர்த்தனன் வெற்றிலை போட்டுக்கொண்டே தன் நிபந்தனையைச் சொன்னான்.

"அவளை அனுப்பறதுல எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. நான் சனிக்கிழமை சனிக்கிழமை வந்தா எங்க படுக்கறது? மெட்ராஸ்ல ஒரு பெரிய வக்கீல் வீட்ல ஏர்கண்டிசன் வச்சிருக்காரு. ரூமுக்குள்ள போனா ஊட்டிதான். அது ஒண்ணு போடுங்க, மறுநாளே அவளை அனுப்பி வைக்கறேன்."

ஒரு சொம்பு தண்ணீர் கேட்பதைப்போலக் கேட்டான். அந்த நாளில் சித்தூரில் பாதி வீடுகளில் மின்விசிறியே கிடையாது. பெரிய அதிகாரிகளின் பங்களாவிலேயே வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி ஆள் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

பேசாததற்கு ஒரு காரணம் இருந்தது. ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியும் எந்தத் தாலூகா இந்தப் பக்கம், எது மெட்ராஸ் பக்கம் என்ற பேச்சு ஓயவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தபடி ஆளுக்கு ஓர் எல்லை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லை முடிவானதும் மெட்ராசுக்கே போய் வக்கீல் தொழில் பார்க்கப்போவதாகக் கோவர்த்தனன் வரும்போதெல்லாம் ஒரு மிரட்டு மிரட்டுவான். வரதராஜனுக்கு இருப்பது ஒரே மகள். அவளை வேறு ராஜ்யத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் மாப்பிள்ளை மனசு வைத்தால்தான் அவள் முகத்தைப் பார்க்கலாம். அதனால் மாப்பிள்ளை சொன்னதெல்லாம் அவருக்குச் சட்டமாகிவிட்டது.

ரத்னம்மா மட்டும் சொல்லிப் பார்த்தாள். வாசலுக்கு வெட்டிவேர்த் தட்டி போடலாம், கூடத்துக்கு ஒரு மின்விசிறி மாட்டலாம், பிள்ளைத்தாய்ச்சிக்கு அதுவே சுகம் என்றாள். மாப்பிள்ளை ஒன்று கேட்க நாம் ஒன்று கொடுத்தால் ஊர் சிரிக்காதா என்று வரதராஜன் அவள் வாயை அடைத்தார். ஊர் என்றைக்கு இவர் வீட்டுப் படுக்கையறையை எட்டிப் பார்த்துச் சிரித்தது என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கலாம். அந்தக் காலத்துப் பெண்கள் இதையெல்லாம் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசைப்படக் கீழே வைத்துத்தான் கேட்டார்கள்.

மெட்ராசிலிருந்து கம்பெனி ஆள் வந்து அறையை அளந்தான். சின்ன அறைதான், சின்னப் பெட்டியே போதும் என்றான். வரதராஜனுக்கு அது அவமானமாகப் பட்டது. மெட்ராஸ் வக்கீல் வீட்டில் இருப்பது எந்த அளவு என்று விசாரித்து, அதே அளவில் வேண்டும் என்றார். பெட்டி பெரிதானால் அதிகம் கரண்ட் இழுக்கும், பின்பக்கம் அதிகம் சூடு தள்ளும் என்று அந்த ஆள் எவ்வளவோ சொன்னான். ஒன்றும் காதில் ஏறவில்லை.

அடுத்த தகராறு அதை எங்கே மாட்டுவது என்பதில் வந்தது. தெருப்பக்க ஜன்னலில் மாட்டத்தான் கம்பெனி ஆள் நினைத்தான். ஜன்னல் கம்பிகளோ சுவரோடு சேர்த்துப் பூசப்பட்டிருந்தன. அவற்றை எடுக்கச் சுவரை உடைக்கவேண்டும். வரதராஜன் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"புள்ளத்தாச்சி வர்ற வூடு தம்பி. சுவத்துல உளி படக் கூடாது. ஆணி கூட அடிக்க மாட்டோம் நாங்க."

அறைக்கும் கிடங்குக்கும் நடுவே ஒரு திறப்பு ஏற்கெனவே இருந்தது. அவசரத்துக்குப் பழக்கூடைகளை வீட்டுப் பக்கமாக வாங்க அவருடைய அப்பா காலத்தில் வைத்தது. பெட்டி அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. உளியும் வேண்டாம், சுத்தியும் வேண்டாம் என்று வரதராஜனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இதன் முதுகு திறந்த வெளியைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும், மூடிய கிடங்கைப் பார்க்கக் கூடாது என்று கம்பெனி ஆள் திரும்பத் திரும்பச் சொன்னான். கிடங்கு என்ன சின்னதா, எங்கள் வீட்டைவிடப் பெரிது என்றார் வரதராஜன். அவனும் மனுஷன்தானே, எத்தனை தடவைதான் சொல்லுவான். மாட்டிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டான்.

தாட்சாயணி வந்தாள். பெட்டி ஓடியது. தெருவே வந்து அறை வாசலில் நின்று, உள்ளே கையை நீட்டிக் குளிர்ச்சி பார்த்துவிட்டுப் போயிற்று. வரதராஜன் மல்வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெட்டியின் பெருமையை விளக்கினார். முதல் சனிக்கிழமை வந்த கோவர்த்தனன் போர்வை கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு தூங்கினான். சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கிய மாப்பிள்ளையைப் பார்த்து மாமனார் பூரித்துப்போனார்.

அந்த வாரம்தான் கங்காதர நெல்லூரிலிருந்து கன்னையாவின் வண்டி வந்து சேர்ந்தது. கன்னையா சின்ன விவசாயி. வீட்டுக்குப் பின்னால் ஒரு தோப்பு, அதில் பங்கனபள்ளி. அவன் காய் இறங்கினால் மண்டியில் யாரும் உடைத்துப் பார்த்துச் சோதிக்கமாட்டார்கள். நன்றாக முற்றிக் காம்படியில் தோள்போல மேடு எழும்பாத காயை அவன் அறுக்கவே மாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். மாங்காய் வியாபாரத்தில் அந்தப் பெயர்தான் சொத்து. பிஞ்சு அறுக்கிறவன் என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் எந்த மண்டிக்காரனும் அவன் வண்டியைத் திரும்பிப் பார்க்கமாட்டான்.

கன்னையாவின் காய்களைக் கிடங்கில் வைக்கோல் பரப்பி அடுக்கி, மேலேயும் வைக்கோல் மூடி, கதவைச் சாத்தினார்கள். இனிப் பழ வாசனை கதவிடுக்கில் வரும்வரை யாரும் திறக்கமாட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மில் ஓடுவதுபோல என்ன சத்தம் என்று கன்னையா கேட்டான். மாப்பிள்ளைக்காகப் போட்டது என்று வரதராஜன் பெருமையோடு சொன்னார்.

அந்தப் பெருமை அதிக நாள் ஓடவில்லை. பெட்டி கொஞ்ச நேரம் குளிரும். பிறகு டப்பென்று நின்றுபோகும். கொஞ்ச நேரம் கழித்து முனகிக்கொண்டு கிளம்பும், மறுபடி நிற்கும். நின்ற நேரத்தில் ஜன்னலெல்லாம் சாத்திய அந்த அறை மற்ற அறைகளைவிட மோசமாகப் புழுங்கியது. தாட்சாயணி கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடியில் பாயைப் போட்டுப் படுக்கிறேன் என்று கெஞ்சினாள். மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று வரதராஜன் அவளை உள்ளேயே இருக்கச் சொன்னார். மகள் சுகத்துக்கென்று வாங்கிய பெட்டிக்கு மகளையே காவல் வைத்தார் மனிதர்.

ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வோல்ட்டேஜ் போதவில்லை என்று ஒருவர் சொல்ல, லைன்மேனுக்கு ஒரு கூடை பழம் கொடுத்துத் தடிமனான ஒயர் இழுக்க வைத்தார் வரதராஜன். அதன் பிறகு பெட்டி கிளம்பும்போதெல்லாம் தெரு விளக்குகள் மங்கின. எதிர்வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். தூசி அடைத்திருக்கும் என்று இன்னொருவர் சொல்ல, ரத்னம்மா முன்பக்க வலையைக் கழற்றித் தினமும் கழுவிக் காயவைத்தாள். காலையில் கழுவினால் மாலைக்குள் அது வைக்கோல் தூசியால் மறுபடி அடைத்துக்கொள்ளும். கம்பெனிக்கு எழுதினால் ஆள் வருகிறான் என்று பதில் வந்தது, ஆள் வரவில்லை. வரதராஜனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏலம் நடக்கும்போதுகூடக் காது அந்த டப் சத்தத்துக்காகவே காத்திருந்தது. எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். பெட்டி வாங்கிய தன்மேல் மட்டும் அவருக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கோவர்த்தனன் வந்து, வாங்கியதுதான் வாங்கினீர்கள், பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா என்று கேட்டான். வரதராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்றைக்குத்தான் கன்னையாவின் காய்கள் பழுத்திருக்கவேண்டிய நாளும் கடந்துபோனது அவருக்கு உறைத்தது. கதவிடுக்கில் பழ வாசனையே வரவில்லை. கிடங்குக் கதவைத் திறந்தார். அடுப்பைத் திறந்ததுபோல முகத்தில் அனல் அடித்தது. புளித்த கள்ளின் வாடை வந்தது. வைக்கோலை விலக்கினார். காய்கள் பச்சையாகவே இருந்தன, அங்கங்கே கறுத்துக் குழிந்திருந்தன. ஒன்றைப் பிளந்து பார்த்தார். உள்ளே சதை வெந்துபோய்க் கொழகொழவென்று இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெட்டி கிளம்பியது. சுவர்த் திறப்பிலிருந்து வந்த அனல் அவர் முதுகைச் சுட்டது.

எல்லாம் புரிந்துவிட்டது. மகள் அறையின் சூட்டை அந்தப் பெட்டி இத்தனை நாளும் இங்கே கொட்டிக்கொண்டிருந்தது. இந்த அடைத்த கிடங்கின் அனலில் அதுவே மூச்சுத் திணறித்தான் நின்று நின்று போயிருக்கிறது. காம்பைப் பார்த்தே இது எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லுகிற மண்டிக்காரர், கிடங்குக்கு எவ்வளவு சூடு ஆகும் ஆகாது என்பதை அப்பாவிடமிருந்தே கற்றவர், மாப்பிள்ளை மோகத்தில் இதை மறந்திருந்தார்.

அத்தோடு நின்றிருந்தால் அது முட்டாள்தனம் மட்டும்தான். அடுத்து அவர் செய்ததுதான் அக்கிரமம்.

கன்னையா அடுத்த வண்டிக் காயோடு வாசலில் வந்து நின்றான். பக்கத்து மண்டி நாகபூஷணமும் இன்னும் சில வியாபாரிகளும் கூடியிருந்தார்கள். முந்தைய காய் என்ன ஆயிற்று என்று கன்னையா கேட்டான். உண்மையைச் சொன்னால் பெட்டியைக் கழற்றவேண்டும். கழற்றினால் மாப்பிள்ளை மகளை அழைத்துக்கொண்டு போய்விடுவான். வியாபாரிகள் முன்னால் மானமும் போகும். வரதராஜனின் வாயிலிருந்து பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

"காயி எங்க கன்னையா பழுக்கும்? பிஞ்சா அறுத்து எடுத்துக்கினு வந்துட்ட. உள்ள அழுவிப் பூடுச்சி."

வெந்த காய் ஒன்றையும் கொண்டுவந்து காட்டினார். தோல் பச்சையாகத்தானே இருந்தது. நாகபூஷணம் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "லேத காயலே" என்று தெலுங்கில் தீர்ப்புச் சொன்னார், இளங்காய்தான் என்று. மற்றவர்கள் தலையாட்டினார்கள். கன்னையா ஓர் அடி முன்னால் வந்தான்.

"மொதலாளி, நானு பிஞ்சு அறுப்பனா? என் காய நீ பாத்ததே இல்லியா?"

வரதராஜன் அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். கன்னையா வண்டியை நாகபூஷணத்தின் மண்டிப் பக்கம் திருப்பினான். அங்கேயும் இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரத்துக்குள் மார்க்கெட் முழுக்கக் கன்னையாவின் பெயர் கெட்டுவிட்டது.

இவை எல்லாவற்றையும் தாட்சாயணி கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது பெட்டி நின்றுபோயிருந்தது. கிடங்குக் கதவும் திறந்து கிடந்ததால் வாசலில் பேசியது அத்தனையும் திறப்பு வழியாக உள்ளே வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வீட்டுப் பெண்கள் கால்வைக்காத கிடங்குக்குள் வந்து நின்றாள். அப்பா வைக்கோல் மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கன்னையா மாமா காயி பிஞ்சா நைனா?"

அவர் அவளை உள்ளே போகச் சொன்னார், இங்கே சூடு ஆகாது என்றார். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டாள். அதற்குள் பெட்டி மறுபடி கிளம்பியது. அவள் சுவர்த் திறப்பை நோக்கிக் கையை நீட்டினாள், சுட்டதும் இழுத்துக்கொண்டாள்.

"நானு அங்க போத்திக்கினு படுத்துக்கினு இருந்தேன். அந்த ரூம்ல இருந்த சூடு எங்கியும் காணாம பூடல நைனா. இங்க வந்து அவுரு காய வேவ வச்சிச்சி. இப்ப பழியும் அவுரு தலையில. இது எனக்காவ செஞ்சதுன்னு மட்டும் சொல்லாத. இன்னொருத்தர் பொழப்ப அழிச்சிட்டு வர்ற சொகம் என் புள்ளைக்கி வோணாம்."

அதற்குள் கோவர்த்தனன் வந்து, இந்த நாற்றத்தில் என்ன செய்கிறாய், உள்ளே வா என்று அதட்டினான். அவள் அசையவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து மாப்பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த வரதராஜன் அன்றைக்குத்தான் மகள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். மகளை இழந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் செய்தார். எதிரிலேயே நிற்கும் மகள் கண்ணில் தனக்கு இனி இடமில்லாமல் போகிறதே என்று அவருக்குப் பட்டது. எழுந்து செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

மார்க்கெட் கோடியில் கன்னையா மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான், ஊருக்குத் திரும்பிப் போக. வரதராஜன் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நாகபூஷணத்தையும் தலையாட்டிய மற்ற எல்லாரையும் கூப்பிட்டார். கிடங்குக்குள் அழைத்துப்போய்ப் பெட்டியை ஓடவிட்டு ஒவ்வொருவரையும் அதன் பின்னால் நிற்கவைத்தார். நாகபூஷணம் சுட்டுப்போய்ப் பின்வாங்கினார்.

"கன்னையா காயி முத்தின காயி," என்றார் வரதராஜன். "அத வேவ வச்சது நானு. பொய் சொன்னதும் நானு. கெட்ட காயிக்கும் நல்ல காயி வெலயே நான் தரேன். இனிமே எவனாவது அவுரு பேர்ல கொற சொன்னா, அது நான் சொன்ன பொய்யின்னு சொல்லுங்க."

ஓரிருவர் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்குக் குளிர் காட்டி மாங்காயை வேகவைத்த கதை அந்த மார்க்கெட்டில் பல வருஷம் ஓடும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கன்னையா சிரிக்கவில்லை. அவர் கையை உதறவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை. இந்த வண்டிக் காயை நாகபூஷணத்திடம்தான் இறக்கப்போகிறேன், அடுத்த வருஷம் மனசு எப்படி இருக்கிறதோ பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். நாகபூஷணம் இம்முறை மறுபேச்சுப் பேசாமல் இறக்கிக்கொண்டார். அறுந்தது அறுந்ததுதான், ஒருநாளில் ஒட்டாது. வரதராஜனுக்கு அந்தத் தண்டனை வேண்டியதுதான்.

வீட்டுக்குத் திரும்பியவர் நேராக அறைக்குள் போய்ப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆணிகூட அடிக்காதவர், சுவரைத் தொடாமலே அந்தப் பெட்டியைக் கழற்றி வெளியே எடுக்க ஆள் தேடச் சொன்னார். ஜன்னல்களை ரத்னம்மா ஒவ்வொன்றாகத் திறந்தாள். வெளியே இருந்து வந்த காற்று சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் அது காற்று.

கோவர்த்தனன் முகம் கறுத்து நின்றான். நாலு பேர் எதிரில் மாமனார் இப்படித் தலைகுனிந்தால் தன் மரியாதை என்ன ஆகும் என்று கேட்டான். பெட்டி போனால் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன், அவளையும் இப்போதே அழைத்துக்கொண்டு போகிறேன் என்றான். தாட்சாயணி கொல்லைப்பக்கம் போய் வேப்பமரத்தடியில் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்று எழுந்த பிறகுதான் வருவேன் என்று அங்கிருந்தே சொன்னாள். கோவர்த்தனன் மாமனாரைப் பார்த்தான். வழக்கமாக இந்த இடத்தில்தான் அவர் கெஞ்சத் தொடங்குவார்.

அன்றைக்கு அவர் கெஞ்சவில்லை. மாப்பிள்ளைக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்ப வேணா வாங்க மாப்ள. உங்களுக்கு இல்லாத வூடு இல்ல இது. இங்க வேர்க்கும், எனக்கும் வேர்க்கும் உங்களுக்கும் வேர்க்கும், சேந்தே வேர்த்துக்கினு இருப்போம். ஆனா நீங்க குளுந்து இருக்கணும்னு இன்னொருத்தன நான் வேவ வச்சேன் பாருங்க, அதுக்கு மரியாதைன்னு பேரு வச்சிக்கினு இருந்தோம் நாம ரெண்டு பேரும். நம்ம சொகத்தோட சூடு யார் தலையில எறங்குதுன்னு பாக்காதவன் மனுசனே இல்ல மாப்ள."